சிவனொளிபாதமலை யாத்திரை: ஏறுமுன் போட வேண்டிய கணக்குகள்

சிவனொளிபாதமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மகாவலி கங்கைக் கரையில் உள்ள நாவலப்பிட்டி நகரின் உயரம் ஏறக்குறைய 600 மீற்றர். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே 30 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்தச் சிறிய இடைவெளிக்குள் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வெப்பநிலை 10 பாகை அளவுக்கு இறங்குகிறது. மரங்களும் மழையும் காற்றின் வேகமும் மாறுகின்றன. மலையேற்றத்தைத் திட்டமிடுவது என்பது இந்த மாற்றங்களையெல்லாம் புறப்படுமுன் கணக்கில் எடுப்பதுதான்.

இந்த மலையைப் பற்றிப் பொதுவாக இருக்கும் அச்சம் அதன் உயரத்தைப் பற்றியது. மூச்சு வாங்கும், நெஞ்சு அடைக்கும் என்றுதான் முதன்முறை போகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். நலமான உடல் உள்ளவருக்கு இங்கே மெல்லிய காற்று பெரிய தடையல்ல. அவரை உண்மையில் வருத்துபவை இரண்டு: வியர்வையில் நனைந்த உடையோடு உச்சியில் விடியலுக்காகக் காத்திருக்கும் நேரத்தின் குளிர், அதன்பின் ஆயிரக்கணக்கான படிகளில் இறங்கும் இறக்கம். நல்ல திட்டம் இந்த இரண்டுக்கும் உரிய இடத்தைக் கொடுக்கும்.

மலையும் வழிகளும்

இலங்கையின் மிக உயர்ந்த மலை 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை. சிவனொளிபாதமலை அதைவிடக் குறைவான உயரமே. ஆயினும் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், மற்ற சிகரங்களிலிருந்து விலகிக் கூம்பாக எழுந்து நிற்பதால் கடலிலிருந்தும் தெரிகிறது. இது எரிமலை அல்ல. பூமிக்குள் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறைகள் மேலெழுந்து, சுற்றியிருந்தவை மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்ட பின் எஞ்சி நிற்கும் மலை இது. களனி கங்கையும் களு கங்கையும் நீர் பெறுவது இதன் சரிவுகளிலிருந்தும் அடுத்துள்ள காடுகளிலிருந்தும்தான். 1940இல் இந்தக் காட்டுப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

உச்சியில் உள்ள பாதச் சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்றும், பௌத்தர்கள் புத்தருடையது என்றும், முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதமுடையது என்றும் போற்றுகிறார்கள். யாத்திரைக்குத் திட்டமிடுவதும் இங்கே புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், யாத்திரிகர்களின் தேவைகளுக்காக நிலங்களும் ஊர்களும் வழங்கியதை நாவலப்பிட்டிக்கு அருகே உள்ள அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. வழியில் உணவும் தங்குமிடமும் இல்லாமல் இந்த மலைக்குப் பாதுகாப்பாகப் போய்வர முடியாது என்பதை அன்றைய அரசே உணர்ந்திருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கோடும் துணையாட்களோடும் இந்த மலைக்குப் போனார். உச்சிக்குச் செல்ல ஒரு கடினமான வழியும் ஒரு இலகுவான வழியும் இருந்ததையும், பாறையில் பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் அவர் எழுதி வைத்தார்.

இன்றும் வழியைத் தெரிவு செய்வதே முதல் முடிவு. நாவலப்பிட்டியிலிருந்து போகிறவர்களுக்கு இயல்பான வழி ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்வது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. ஹட்டனை அடைய மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. கலபொட, வட்டவளை, ரொசல்ல ஊடாக வளைந்து ஏறும் கோச்சி, ஹட்டனைச் சேர்வதற்குள் 650 மீற்றருக்கும் மேலான உயரத்தைப் பயணிகளின் கால்கள் நோகாமலே ஏறிவிடுகிறது. ஹட்டனிலிருந்து 33 கிலோமீற்றர் அளவில் பஸ்ஸில் போனால் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைக் கடந்து நல்லதண்ணி வரும். அதன் உயரம் ஏறக்குறைய 1,250 மீற்றர். ஆகவே காலால் ஏற வேண்டிய உயரம் 1,000 மீற்றர். படிகள் ஏறக்குறைய 5,500.

இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தல வழியும், குருவிட்டப் பக்கத்தில் எரத்ன வழியும் தாழ்ந்த இடங்களிலிருந்து தொடங்குகின்றன. அவற்றில் ஏற வேண்டிய உயரம் நல்லதண்ணி வழியின் இரு மடங்கை நெருங்குகிறது. காடும் நீரோடைகளும் நிறைந்த அழகான வழிகள் அவை. ஆனால் முதல்முறை ஏறுபவருக்கும் முதியவர்களுக்கும் நல்லதண்ணியே பொருத்தம்.

காலமும் வானிலையும்

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாத முழுநிலா நாளான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. இந்த மரபுக்கு வலுவான வானிலைக் காரணம் உண்டு. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து முதலில் மோதுவது இந்த மலைச் சுவரில்தான். மோதிய காற்று மேலே எழுகிறது. எழும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க முடியாததால் அது மழையாகக் கொட்டுகிறது. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான். அந்த மாதங்களில் மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். உச்சியில் காற்று மனிதரைத் தள்ளும். பாதை விளக்குகளும் கடைகளும் இருக்காது. விழுந்து கால் முறிந்தால் உதவிக்கு வர ஆளும் இருக்காது.

பருவத்துக்குள்ளும் எல்லா மாதங்களும் ஒன்றல்ல. டிசம்பரில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் மழை எட்டிப் பார்க்கும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பொதுவாக வறண்ட காலம்; தெளிந்த விடியலுக்கு வாய்ப்பு அதிகம், இரவுக் குளிரும் அப்போதுதான் அதிகம். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் பிற்பகல்களில் இடிமுகில்கள் திரளும். நள்ளிரவில் ஏறத் தொடங்கி முற்பகலில் இறங்கி முடிக்கும் வழக்கம், இந்தப் பிற்பகல் இடியிலிருந்தும் காக்கிறது.

போயா தினங்களிலும் சனி, ஞாயிறிலும் கூட்டம் பெருகும். பாதை ஒடுங்கும் மேற்பகுதியில் வரிசை மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்பவர்கள் வார நாளொன்றைத் தெரிவு செய்வது நல்லது. புறப்படும் நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், மண்சரிவு குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகளையும் பார்க்க வேண்டும். கினிகத்தேனை, ஹட்டன் வீதிகளும் புகையிரதப் பாதையும் கடும் மழையில் மண்சரிவுக்கு உள்ளாகக்கூடியவை. எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே சரியான முடிவு.

காற்றுக் கணக்கு

காற்றில் ஒட்சிசனின் பங்கு கடற்கரையிலும் மலை உச்சியிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 சதவீதம். மாறுவது அமுக்கம். மேலே போகப் போகத் தலைக்கு மேல் உள்ள காற்றின் அளவு குறைவதால் காற்று ஐதாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஒட்சிசன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது. கடல்மட்ட அமுக்கத்தை 100 என்று கொண்டால், நாவலப்பிட்டியில் அது 93 அளவிலும், நல்லதண்ணியில் 86 அளவிலும், உச்சியில் 76 அளவிலும் இருக்கும்.

கால் பங்கு குறைவு என்பது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் குருதியில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றும் விதம் இந்த இடத்தில் உதவுகிறது. நுரையீரலில் ஒட்சிசனின் அமுக்கம் ஓரளவு குறையும்வரை ஈமோகுளோபின் ஏறக்குறைய முழுமையாகவே நிரம்புகிறது. ஒரு எல்லைக்குக் கீழே போனால்தான் நிரம்பும் அளவு சட்டென்று சரிகிறது. 2,200 மீற்றர் உயரத்தில் நலமானவரின் குருதி அந்தச் சரிவுக்கு இன்னும் வரவில்லை. உயரம் காரணமாக வரும் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல், அதுவும் அங்கே இரவு தங்குபவர்களுக்கே வருகின்றன. இந்த மலையில் சில மணி நேரமே மேலே இருக்கிறோம். மூச்சு வாங்குவதற்கு முக்கிய காரணம் படியேறும் உழைப்பு. மெல்லிய காற்று அதைச் சிறிது கூட்டுகிறது, அவ்வளவே.

இதற்கான மருந்து வேகத்தைக் குறைப்பது. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்செடுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடப்பவர்களே கடைசிச் செங்குத்துப் படிகளில் தெம்போடு இருப்பார்கள்.

சோறு, தண்ணீர், தசை

படியேற எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை எளிய பௌதிகத்தால் கணக்கிடலாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோ பையோடு 1,000 மீற்றர் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறக்குறைய 165 கிலோகலோரி. ஆனால் தசை எரிக்கும் சக்தியில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 650 முதல் 800 கிலோகலோரி வரை செலவாகும். மூன்று நான்கு கோப்பைச் சோற்றின் சக்தி இது.

உடலில் சேமிப்பு இருக்கிறது என்று வெறும் வயிற்றோடு ஏறுவது தவறு. நீண்ட பயணத்துக்குப் பின், உறக்கமில்லாத நள்ளிரவில், குருதியில் சீனியின் அளவைக் காக்கும் ஈரலின் சேமிப்பு குறைந்திருக்கும். மாலையில் வயிறு நிறையச் சோறோ ரொட்டியோ சாப்பிட்டு, ஏறும்போது மணிக்கு ஒருமுறை வாழைப்பழம், பிஸ்கட், பேரீச்சம்பழம் என்று சிறிது சிறிதாக எடுத்துக்கொள்வது நல்லது. எண்ணெய்ப் பண்டங்கள் செரிக்க நேரமாகும். அவற்றை இறங்கிய பின் சாப்பிடலாம்.

குளிர்ந்த இரவிலும் படியேறுபவருக்கு மணிக்கு அரை லீற்றர் அல்லது அதற்கு மேல் வியர்க்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடிக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால், நீண்ட நேரம் ஏறுபவர்கள் ஒரு பொதி ஜீவனி உப்புக்கரைசல் தூளைக் கரைத்துக் குடிக்கலாம். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆயிரக்கணக்கானோர் நடமாடும் பருவத்தில் அதை அப்படியே குடிக்கக்கூடாது. வழிக் கடைகளில் கிடைக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ கொதித்த நீர் என்பதால் பாதுகாப்பானது; சீனியும் சூடும் சேர்ந்து வரும்.

பயிற்சியும் வைத்திய ஆலோசனையும்

ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சி சாதாரண உடல்வாகு உள்ளவருக்குப் போதும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் அரை மணி வேக நடை. அடுத்த வாரங்களில் வாரத்துக்கு மூன்று நாள் படியேற்றம். தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு மலைச்சரிவு வாசலிலேயே இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பாடசாலைப் படிகளும் கோயில் படிகளும் உதவும். இடையில் இரண்டு நாள் சற்றுப் பெரிய ஏற்றம் வேண்டும். கம்பளைக்கு அருகே 1,087 மீற்றர் உயரமுள்ள அம்புலுவாவையும், கண்டிக்குத் தெற்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி எழும் ஹந்தானை மலைத்தொடரும் நாவலப்பிட்டிக்காரர்களுக்கு வசதியான பயிற்சிக் களங்கள்.

பயிற்சியில் இறங்குவதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடும் பகுதி இது. அதன் காரணம் இறக்கத்தைப் பற்றிய பகுதியில் விளங்கும்.

இதயநோய், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, ஆஸ்துமா, கடும் குருதிச்சோகை, முழங்கால் தேய்வு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே வைத்தியரைக் காண வேண்டும். அண்மையில் மாரடைப்போ சத்திரசிகிச்சையோ ஏற்பட்டவர்கள் ஏறக்கூடாது. வழக்கமாக எடுக்கும் மருந்துகளைப் பயண நாளில் நிறுத்தக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் மருந்தின் நேரத்தையும் உணவின் நேரத்தையும் வைத்தியரோடு பேசி ஒழுங்கு செய்ய வேண்டும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று உதவி கேட்க வேண்டும். உச்சி கிட்ட இருக்கிறது என்பது மேலே போகக் காரணமாகாது.

நேரக் கணக்கு

மலைப்பயண நேரத்தை மதிப்பிட 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. கிடைத்தூரம் ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் ஒரு மணி. ஏறும் உயரம் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் ஒரு மணி. நல்லதண்ணி வழியின் தூரத்தை 5 கிலோமீற்றர் என்று கொண்டால் ஒரு மணி. 1,000 மீற்றர் உயரத்துக்கு ஒரு மணி 40 நிமிடம். மொத்தம் 2 மணி 40 நிமிடம். பயிற்சி உள்ள, தடையின்றி நடக்கும் ஒருவருக்கான கணக்கு இது. ஓய்வும் தேநீரும் வழிபாடும் சேர்த்துக் குடும்பமாகப் போகிறவர்கள் 4 மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளின் நெரிசலுக்கு இன்னும் ஒன்றிரண்டு மணி கூடும்.

திட்டம் விடியலிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை சூரியன் 6 மணிக்கும் 6.30க்கும் இடையே உதிக்கிறது; ஏப்ரல் பிற்பகுதியில் 6 மணிக்கு முன்பே உதித்துவிடும். 5.30 அளவில் உச்சியைச் சேர வேண்டுமானால் 1.30 மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கு நள்ளிரவுக்கு முன் நல்லதண்ணியில் இருந்து சற்று ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே நாவலப்பிட்டியிலிருந்து முன்னிரவிலேயே, இயன்றால் பிற்பகலிலேயே, புறப்பட வேண்டும். 3 மணிக்கே உச்சியைச் சேர்ந்துவிடுவது சாதனை போலத் தோன்றினாலும் நல்லதல்ல. மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

குழுவின் வேகத்தை மிக மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று அடிவாரத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். மேலே கைத்தொலைபேசியின் மின்கலம் குளிரில் விரைவாக இறங்கும். வேன் சாரதி மலை ஏறக்கூடாது. குழுவினர் ஏறும் நேரத்தில் அவர் அடிவாரத்தில் தூங்க வேண்டும். இரவு முழுதும் விழித்தவரின் கையில் மஸ்கெலியா, ஹட்டன் வளைவுகளை ஒப்படைப்பது மலையிலுள்ள எந்த ஆபத்தையும்விடப் பெரிய ஆபத்து.

குளிர்

உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். நாவலப்பிட்டியில் ஜனவரி இரவு 19 பாகை என்றால், உச்சியில் 8 பாகைக்கு அருகே இருக்கும். அதோடு காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், திறந்த தோலுக்கு அது 4 பாகை போல உறைக்கும். உடலைச் சுற்றியுள்ள மெல்லிய வெப்பக் காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதே காரணம்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்பதைக் கிட்டப் பார்க்கலாம். படியேறும்போது உடல் ஓய்வில் இருப்பதைப்போல ஆறேழு மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அதனால் ஏறுபவர் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார். பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டும்வரை வியர்க்கிறது. உச்சியைத் தொட்டதும் உழைப்பு நிற்கிறது. சில நிமிடங்களில் வெப்ப உற்பத்தி ஓய்வு நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் நனைந்த சட்டை அப்படியே இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை உறிஞ்சும். பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த இழப்பு நீள்கிறது. பத்து நிமிடத்தில் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கும். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, நடை தடுமாறினால் உடலின் உள்வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று பொருள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. பொலித்தீன் அல்லாத, நீர் புகாத பையொன்றில் ஒரு உலர்ந்த பெனியனும் சட்டையும் வைத்திருக்க வேண்டும். உச்சியைச் சேர்ந்ததும், குளிர் உறைக்குமுன், நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, மேலே கம்பளி உடையும், அதற்கு மேல் காற்றுப் புகாத ரெயின்கோட்டும் போட வேண்டும். காதை மூடும் தொப்பியும் உலர்ந்த காலுறையும் கையுறையும் வேண்டும். உச்சி மண்டபத்தில் பாதணிகளைக் கழற்ற வேண்டியிருப்பதால் தடித்த காலுறை இரட்டிப்புப் பயன் தரும். தரையில் நேரடியாக உட்காராமல் மடித்த துணி விரித்து உட்கார வேண்டும். குளிர்ந்த கல்லும் உடல் வெப்பத்தை இழுக்கும். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம்; அவர்கள் பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவார்கள்.

இவற்றோடு டோர்ச், மாற்று மின்கலம், அடிப்பகுதி தேயாத, பிடிமானமான சப்பாத்து, ஊன்றுகோல், காயத்துக்குக் கட்டும் துணி, சொந்த மருந்துகள், ஒரு விசில் ஆகியவை போதும். ஈரமான காட்டு வழிகளில் அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் குறையும். அட்டை கடித்த இடத்தில் குருதி உறைவதைத் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் சிறிது நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும். கொண்டுபோன பொலித்தீனும் போத்தலும் திரும்பக் கீழே வர வேண்டும். மலையில் எறிவது களனியிலும் களுவிலும் போய்ச் சேரும்.

விடியலும் நிழலும்

சூரியன் எழுந்ததும் யாத்திரிகர்கள் கிழக்கைப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் திரும்புவார்கள். அங்கே மலையின் நிழல் மூடுபனியின் மேல் கூர்மையான முக்கோணமாக விழுந்திருக்கும். மலையின் கூம்பு வடிவமே அதற்குக் காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உச்சி தட்டையாக உள்ள மலைகளிலிருந்து பார்த்தாலும் நிழல் முக்கோணமாகவே தெரியும்.

சூரியன் தொடுவானத்திலிருந்து 2 பாகை எழுந்திருக்கும்போது 2,243 மீற்றர் உயர மலையின் நிழல் 64 கிலோமீற்றர் நீளும். இது மேற்குக் கடற்கரையை நெருங்கும் நீளம். அவ்வளவு நீண்ட நிழலின் ஒரு முனையில் நின்று மறுமுனையை நோக்குபவருக்கு, நாவலப்பிட்டி நிலையத்தில் நின்று பார்க்கும் தண்டவாளங்களைப் போல, நிழலின் இரு விளிம்புகளும் தூரத்தில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும். முக்கோணம் அப்படித்தான் பிறக்கிறது. சூரியன் 5 பாகை எழும்போது நிழல் 26 கிலோமீற்றருக்குள் சுருங்கிவிடும். ஆகவே நிழலைக் காண விரும்புபவர் உதயத்தின் முதல் நிமிடங்களிலேயே மேற்குச் சுவரருகே இருக்க வேண்டும்.

இறக்கம்

ஏறும்போது தொடையின் முன்தசைகள் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. இறங்கும்போது அதே தசைகள் எடையைத் தாங்கியபடியே நீளுகின்றன. உடல் பொத்தென்று விழாமல் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. இழுபடும் நிலையில் சுமை தாங்கும் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மூச்சு வாங்காததால் இறங்குபவர் அதை உணர்வதில்லை. ஒன்றிரண்டு நாளில் அது வலியாக வெளிப்படும். படியிறங்கக்கூட முடியாமல் பக்கவாட்டாக நடப்பவர்களைப் பருவ காலத்தில் மலைநாட்டு பஸ் நிலையங்களில் காணலாம். முழங்கால் மூட்டில் விழும் சுமையும் இறங்கும்போது உடல் எடையின் மூன்று மடங்கைத் தாண்டுகிறது.

உடல் இந்தச் சேதத்திலிருந்து விரைவாகக் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை மிதமான இறக்கத்துக்கு உட்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். ஆகவே யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பு அம்புலுவாவையிலோ ஹந்தானையிலோ நிதானமாக இறங்கிப் பழகினால் வலியின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இறங்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, சிறிய அடிகளாக வைத்து, கைப்பிடிக் கம்பியையோ ஊன்றுகோலையோ பயன்படுத்த வேண்டும். பனி ஈரம் காயாத படிகளில் ஓடக்கூடாது. விழுந்து அடிபடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்: உறக்கமில்லை, தசை களைத்திருக்கிறது, உச்சியைக் கண்டாயிற்று என்ற மனநிறைவில் கவனம் தளர்ந்திருக்கிறது. இறக்கத்துக்கு 3 மணி நேரம் ஒதுக்கி, பாதி வழியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இடி கேட்டால் திறந்த உச்சியிலிருந்தும், இரும்புக் கம்பிகளிலிருந்தும், தனி மரங்களிலிருந்தும் விலக வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மூன்று வினாடியும் ஒரு கிலோமீற்றர். இடைவெளி 30 வினாடிக்குள் இருந்தால் ஆபத்து அருகில் இருக்கிறது. அவசர உதவிக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையையும், 119 பொலிஸையும், அனர்த்த நிலைமையில் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அழைக்கலாம்.

இதைவிட உயர்ந்த மலைகள்

சிவனொளிபாதத்தில் கால் பழகியவர்கள் கயிலாய யாத்திரைக்கோ எவரெஸ்ட் அடிவார முகாமுக்கோ திட்டமிடுவதுண்டு. 2016இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் இலங்கையரான பின் அந்த ஆர்வம் கூடியிருக்கிறது. அங்கே கணக்கு முற்றிலும் வேறு. ஏறக்குறைய 4,590 மீற்றர் உயரமுள்ள மானசரோவரில் காற்றமுக்கம் கடல்மட்டத்தின் 57 சதவீதம்; கயிலாயத்தைச் சுற்றும் வழியில் 5,630 மீற்றர் உயரமுள்ள டோல்மா கணவாயில் பாதி. அங்கே ஈமோகுளோபின் நிரம்புவது சட்டென்று குறையும் எல்லைக்குள் உடல் போய்விடுகிறது.

அந்த உயரத்துக்கு உடல் இசைவாக நாட்கள் வேண்டும். முதல் நாட்களில் மூச்சின் ஆழமும் வேகமும் கூடும். சிறுநீரகங்கள் குருதியின் அமில, கார நிலையைச் சரிசெய்யும். வாரக்கணக்கில் செங்குருதிக் கலங்கள் பெருகும். ஆகவே 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் களைப்பும் வந்தால் மேலே போவதை நிறுத்த வேண்டும். நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று பொருள்; இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

உடற்பயிற்சி உயரத்தால் வரும் இந்த நோயிலிருந்து காப்பதில்லை. 5,500 படிகளை இளைப்பின்றி ஏறுபவருக்கும் அது வரும். அவர் வேகமாக மேலே போய்விடுவதால் இன்னும் முன்னதாகவே வரலாம். சிவனொளிபாதமலை கற்றுத்தரக்கூடியவை வேகக் கட்டுப்பாடு, உலர்ந்த உடையின் அருமை, நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும் பழக்கம், இறக்கத்துக்குத் தசையை ஆயத்தப்படுத்துவது ஆகியவை. இவை எந்த மலைக்கும் பொருந்தும். மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்குவதை மட்டும் அந்தந்த உயரத்தில், அதற்குரிய நாட்களை ஒதுக்கியே செய்ய வேண்டும்.